நிறைமாத ஸ்கேனில் ‘குழந்தை பெரிசு’ என்றால்...

வயிறு மாதத்துக்கு மீறிப் பெரிதாக இருக்கிறது, ஸ்கேனில் குழந்தை 3.8 கிலோ காட்டுகிறது, அடுத்த வாரமே வந்து சேர்ந்துவிடச் சொல்கிறார்கள், சிசேரியனுக்குச் சம்மதிக்கலாமா? இதே கேள்வியோடு கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எழுதியவர்கள் பலருக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதனால் அந்த 3.8 எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

ஸ்கேன் கருவி குழந்தையை எடை போடுவதில்லை. தலையின் அகலம், தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் ஆகிய நான்கையும் அளந்து ஒரு சூத்திரத்தில் போடுகிறது. பரவலாகப் புழங்குவது, ஃபிராங்க் ஹாட்லாக் குழுவினர் அமெரிக்காவின் ஹூஸ்டனிலிருந்து 1985இல் வெளியிட்ட சூத்திரம். கையில் எடுக்காமலே ஒரு சிசுவின் எடையைச் சொல்லிவிடும் அந்த யோசனை அபாரமானது. சிக்கல், வயிற்றுச் சுற்றளவில் இருக்கிறது.

நான்கில் விடையை அதிகம் அசைப்பது அதுதான். சரியாக அளக்கக் கடினமானதும் அதுதான். குழந்தையின் இரைப்பையும் தொப்புள் சிரையின் வளைவும் ஒரே படத்தில் தெரிய வேண்டும், சிறுநீரகம் தெரியக் கூடாது. அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, தோலின் வெளி விளிம்பில் வட்டம் போட வேண்டும். நிறைமாதத்தில் குழந்தை சுருண்டு கிடக்கும், விலா எலும்பின் நிழல் குறுக்கே விழும். வெட்டு சற்றுச் சாய்ந்தாலே வட்டம் நீள்வட்டமாகிச் சுற்றளவு கூடிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: தலை அகலம் 9.2, தலைச் சுற்றளவு 33.5, தொடை எலும்பு 7.2 செ.மீ. வயிறு 34 செ.மீ. என்றால் குழந்தை சுமார் 3.27 கிலோ. வயிற்றை மட்டும் 36 என்று அளந்துவிட்டால் சுமார் 3.59 கிலோ. முந்நூறு கிராம், ஒரு கைச் சாய்வில்.

கவனமாக அளந்தாலும் 15 சதவீதம் வரை முன்பின் ஆகலாம். உங்கள் 3.8 கிலோ, 3.2 ஆகவும் இருக்கலாம், 4.4 ஆகவும் இருக்கலாம். பல ரிப்போர்ட்டுகளில் இந்த எச்சரிக்கை சிறிய எழுத்தில் இருக்கும். ‘எடை’ என்று தடித்த எழுத்தில் அச்சாவதை ‘மதிப்பீடு’ என்றே படியுங்கள்.

என்னைக் கலங்க வைப்பது அடுத்த கட்டம். குழந்தை பெரிது என்று ஸ்கேன் முன்கூட்டியே சொல்லிவிட்ட பெண்களுக்கு, அதே எடையில் குழந்தை பெற்ற மற்றவர்களைவிட சிசேரியன் அதிகம் நடப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எண்ணைப் பார்த்தபின் வலி சற்று நீண்டாலும் மருத்துவருக்குப் பொறுமை குறைகிறது, குடும்பத்துக்குப் பயம் கூடுகிறது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் சிசேரியன் 63.8 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 36. இத்தனையும் அவசியத்தால் நடந்தவை என்ற விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

பெரிய குழந்தையின் ஆபத்து கற்பனையல்ல. தலை வந்தபின் தோள் தாயின் இடுப்பெலும்பில் சிக்கினால் கை நரம்பு பாதிக்கப்படலாம். ஆனால் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி, சிசேரியன் பற்றி யோசிக்கச் சொல்லும் மதிப்பீடு 5 கிலோ. தாய்க்குச் சர்க்கரை இருந்தால் 4.5 கிலோ. சர்க்கரை இல்லாத பெண்களுக்கு 4.5 கிலோவிலேயே அறுத்தால், ஒரு நிரந்தர நரம்புப் பாதிப்பைத் தடுக்க 3,695 சிசேரியன்கள் தேவைப்படும் என்று 1996இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது.

சர்க்கரை இருந்தால் கதை வேறு. அந்தக் குழந்தைகளுக்குத் தோளும் வயிறும் பெருக்கும். அதே எடையிலும் ஆபத்து கூடுதல். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனையில் 140ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் வருகையிலும், பிறகு 24-28 வாரத்திலும் எல்லோருக்கும் செய்ய வேண்டும் என்பது அரசு வழிகாட்டுதல். செய்தார்களா என்பதை உங்கள் அட்டையைப் புரட்டிப் பாருங்கள். இரண்டாவது எண் எழுதப்படவில்லை என்றால் இன்றே கேளுங்கள்.

மற்ற கேள்விகள்:

வயிற்றின் டேப் அளவு கர்ப்ப வார எண்ணைவிட 2 செ.மீ. கூடுதல்? இயல்பு.

அதற்கு மேல் போனால்? தேதிக் கணக்குப் பிழை, பனிக்குட நீர் மிகுதி, நார்க்கட்டி என எதுவாகவும் இருக்கலாம், ஸ்கேன் அவசியம்.

சாப்பாட்டைக் குறைக்கலாமா? சர்க்கரை இல்லையென்றால் வேண்டாம்.

முன்கூட்டியே வலி வரவழைப்பது? 39 வாரத்துக்கு முன், எடையை மட்டும் காரணம் காட்டினால் வேறு காரணம் உண்டா என்று கேளுங்கள்.

இன்னொரு மருத்துவரிடம் காட்டலாமா? தாராளமாக, ரிப்போர்ட்டின் நான்கு அளவுகளையும் கொண்டுபோங்கள்.

குழந்தையின் அசைவு குறைந்தால்? எந்த எடையாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.