கைப்பழக்கம் – 14: பழைய பேரலை விட்டுவிடுங்கள்

வெல்டிங் பழக ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த மெஷின் வாங்கலாம் என்று. எந்த இரும்பில் பழகப்போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். மாதனூரிலிருந்து எழுதும்போது அந்தக் கேள்வி இன்னும் முக்கியம். வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, குடியாத்தம் சாலை பிரியும் ஊர் இது. சுற்றிலும் டேனரிகள். அவை கழித்துப்போடும் இரும்பெல்லாம் கடைசியில் காயலான் கடைக்குத்தான் வருகிறது. விலை மலிவு என்று புதிதாகப் பழகுகிறவரும் அங்கேதான் போய் நிற்கிறார்.

மெஷின் விஷயத்தை இரண்டு வரியில் முடித்துவிடலாம். வீட்டு சிங்கிள் பேஸ் லைனுக்குச் சின்ன இன்வெர்ட்டர் மெஷின் போதும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டு, 16 ஆம்ப் பிளக்குக்குத் தனி லைன் இழுத்துக்கொள்ளுங்கள்.

பழகுவதற்கு 5 அல்லது 6 மி.மீ. கனமுள்ள சாதாரண இரும்புப் பட்டைதான் நல்லது. எடுத்தவுடன் பெஞ்ச் செய்கிறேன் என்று மெல்லிய சதுரப் பைப்பில் கை வைத்தால் ஓட்டை மேல் ஓட்டை விழும். கனமான பட்டை சூட்டைத் தாங்கும். கை தடுமாறினாலும் பொறுத்துக்கொள்ளும். துரு, பெயின்ட், எண்ணெய் எதுவும் இல்லாமல் கிரைண்டர் போட்டுவிடுங்கள். 6013 ராடு வாங்குங்கள். 2.5 மி.மீ. ராடுக்கு 70, 80 ஆம்ப் வைத்தால் சரியாக வரும்.

இந்த ராடின் பூச்சில் முக்கியமான சரக்கு ரூட்டைல். நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கிறார்களே, அதே கனிமம். ஆர்க் சுலபமாகப் பற்றுவதும், ஆறியதும் கசடு எளிதில் கழன்று வருவதும் அதன் புண்ணியம்.

முதலில் ராடு ஒட்டிக்கொள்ளும். எல்லோருக்கும் ஒட்டும். ஹோல்டரை ஒரு திருகு திருகி இழுங்கள். வராவிட்டால் ஹோல்டர் பிடியை அழுத்தி ராடை விட்டுவிடுங்கள். பற்றிக்கொண்டதும், நுனிக்கும் பட்டைக்கும் நடுவே ராடின் கனமளவுக்கு மட்டும் இடைவெளி இருக்கட்டும். ராடு கரையக் கரையக் கை கீழே இறங்க வேண்டும். கூடவே பக்கவாட்டில் நகரவும் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யக் கை பழகுவதுதான் வித்தையே.

கறுப்புக் கண்ணாடி வழியே பார்க்கும் புதியவரின் கண் வெளிச்சத்திலேயே நின்றுவிடும். அதன் பின்னால் பளபளவென்று நகரும் உருகிய குழம்பைத் தேடிப் பிடியுங்கள். குழம்பின் பின்விளிம்பு வட்டமாக இருந்தால் வேகம் சரி. கூராக நீண்டால் அவசரப்படுகிறீர்கள். கசடு குழம்பை முந்திக்கொண்டு முன்னால் ஓடினால், அது ஜாயிண்டுக்குள் மாட்டிக்கொள்ளும்.

நேர்க்கோடு ஓரளவு வந்தபின் இரண்டு பட்டைகளை ‘டி’ வடிவில் நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் பற்றவையுங்கள். வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடித்து மடக்குங்கள். பிய்ந்து வந்தால், உள்ளே இரும்போடு இரும்பு கலந்திருக்கிறதா, மேலே அப்பிக்கொண்டு மட்டும் இருந்ததா என்று தெரிந்துவிடும். பார்வைக்கு அழகான வெல்டை நான் நம்புவதில்லை. அடித்துப் பார்த்ததைத்தான் நம்புவேன்.

இனி காயலான் கடைக்கு வருவோம். பாதியாக அறுத்து அடுப்பு செய்யலாம் என்று பலரும் ஆசைப்படும் பொருள் 200 லிட்டர் இரும்பு பேரல். டேனரிப் பக்கத்திலிருந்து வரும் பேரலில் தோலுக்கு மெருகேற்றும் லேக்கரோ தின்னரோ இருந்திருக்கலாம். காலியாகத் தெரியும் பேரலில் அடியில் ஒட்டிய கொஞ்சம் போதும். சூடு பட்டதும் ஆவியாகிக் காற்றோடு கலக்கும், ஒரு பொறியில் மூடி பறக்கும். ஆசிட் இருந்த இரும்பு பேரலில் ஹைட்ரஜன் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. கழுவிவிட்டேன், மோந்து பார்த்துவிட்டேன் என்பதெல்லாம் பாதுகாப்பு ஆகாது. வெல்டிங்கோ, கட்டிங்கோ, கிரைண்டரோ, பேரல் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

அடுத்தது, பளபளப்பாகக் கிடக்கும் எஸ்.எஸ். துண்டுகள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பற்றவைக்கும்போது எழும் புகையில் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கிறது. தோல் பதனிடப் பயன்படும் குரோம் உப்பு மூன்று இணைதிறன் கொண்டது. புகையில் வருவது அதைவிடப் பன்மடங்கு நச்சு. ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலையை மூடிய பிறகும் அங்கே குவிந்து கிடந்த கழிவு நிலத்தடி நீரை என்ன பாடுபடுத்தியது என்பதை இந்த வட்டாரத்துக்குச் சொல்லத் தேவையில்லை. சாதாரண இரும்பின் புகையும் நல்லதல்ல. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வெல்டிங் புகையையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் சேர்த்தது. திறந்தவெளியில், காற்று உங்கள் பக்கவாட்டில் போகும்படி நின்று வேலை செய்யுங்கள். ஜி.ஐ. பைப்பையும் ஒதுக்குங்கள், அதன் துத்தநாகப் புகை அன்றிரவே குளிர்காய்ச்சலைக் கொண்டுவரும்.

கண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆர்க்கை வெறுங்கண்ணால் பார்த்தால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும். உருளைக்கிழங்கு வைப்பது, பால் விடுவது எல்லாம் வேண்டாம். கண் மருத்துவரிடம் போங்கள்; வேலூரில் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதே கதிதான், அவர்களை உள்ளே அனுப்பிவிட்டுத் தொடங்குங்கள்.

தொழிலாகவே கற்க நினைப்பவர்களுக்கு ஐ.டி.ஐ.யில் ஓராண்டு வெல்டர் படிப்பு இருக்கிறது, எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் சேரலாம். பொழுதுபோக்காகப் பழகுகிறவர்கள் மெஷினுக்குப் போட்ட பட்ஜெட்டில் 11ஆம் நம்பர் கண்ணாடி பொருத்திய ஹெல்மெட்டுக்கும் முழங்கை வரை வரும் தோல் கையுறைக்கும் முதலில் பணம் ஒதுக்குங்கள். மிச்சம் இருப்பதில் மெஷின் வாங்குங்கள்.

(தொடரும்)