கரண்ட் உள்ளுக்குத்தான் சுடும்

பேராதனைப் பூங்காவைச் சுற்றியுள்ள வீதிகளில், மின்கம்பியில் செத்துக் காய்ந்து தொங்கும் வௌவாலைப் பார்க்காத கண்டிக்காரர் குறைவு. அதே கம்பியில் மைனா சுகமாக உட்கார்ந்திருக்கும். மைனாவின் இரண்டு காலும் ஒரே கம்பியில் இருக்கின்றன. பழந்தின்னி வௌவாலின் இறக்கை நாலடி விரியும். பக்கத்துக் கம்பியையும் தொட்டுவிடும். ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் வெளியேற வழி இருந்தால்தான் மின்சாரம் உடம்பில் ஓடும். மனிதருக்கு அந்த மறுபக்கம் பெரும்பாலும் காலடி நிலம்.

கண்டியில் ஓர் அரச ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கரண்ட் அடித்து வந்தவர்களில் பலர், "ஒண்ணுமில்ல மிஸ்ஸி, கையில சின்னக் காயந்தான்" என்பார்கள். அந்தச் சின்னக் காயத்தை நம்பக் கூடாது.

நம் வீட்டு லைன் 230 வோல்ட். ஆனால் உடம்பு படும் பாட்டைத் தீர்மானிப்பது, அதற்குள் எத்தனை மில்லியம்பியர் ஓடுகிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதே. ஒன்று ஓடினால் இலேசான கூச்சம். பத்தைத் தாண்டினால் முன்கைத் தசைகள் இறுகும். விரலை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிடப் பலமானவை. அதனால் கை கம்பியை விடாமல் பற்றிக்கொள்ளும். "கரண்ட் பிடிச்சு இழுத்திச்சு" என்பார்கள். பிடித்தது அவர்களுடைய கைதான். முப்பதைத் தாண்டினால் மூச்சுத் தசைகள் இறுகலாம். ஐம்பது, நூறு என்று ஏறினால், இரத்தத்தை அனுப்ப முடியாமல் இதயம் வெறுமனே நடுங்கத் தொடங்கும். வெளியே ஒரு கீறலும் இல்லாமல் ஆள் போய்விடுவது இப்படித்தான்.

காய்ந்த தோல் பல்லாயிரம் ஓம் தடை காட்டும். நனைந்தால் உடம்பின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டை 1,000ஆல் வகுத்துப் பாருங்கள்: 230 மில்லியம்பியர். நம் ஊர் மழை நாளில், ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு இது நிச்சயம் ஆபத்து.

அமெரிக்கப் பேராசிரியர் சார்ல்ஸ் டால்சீல், கை எப்போது கம்பியை விடமுடியாமல் போகிறது என்பதைத் தன்னார்வலர்களிடம் அளந்தவர். 1961இல் அவர் உருவாக்கிய பாதுகாப்புக் கருவிக்கும் நம் வீட்டு ட்ரிப் சுவிச்சுக்கும் ஒரே தத்துவம்: போன மின்சாரம் முழுவதும் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. 30 மில்லியம்பியர் வழிதவறினால் ட்ரிப் விழும். அது அடிக்கடி விழுகிறதென்று நேரடியாக வயர் கொடுக்கச் சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

33,000 வோல்ட் லைன் வேறு கதை. அங்கே இதயத்துக்கு வரும் ஆபத்தோடு சூடும் சேர்ந்து தாக்கும். ஹந்தானைப் பக்கத்துப் பையன் ஒருவன் அலுமினியக் கம்பால் பலாக்காய் தட்டப் போய் அந்த லைனில் பட்டுவிட்டான். உள்ளங்கையில் ஒரு கருப்புப் புள்ளி, குதிகாலில் இன்னொன்று. நடுவில் தோல் நன்றாகவே இருந்தது. பின்னேரம் கை வீங்கிக் கல்லாக இறுகியது. எலும்பு மின்சாரத்துக்குக் கூடுதல் தடை காட்டுவதால் அதிகம் சூடாகும். அதை ஒட்டிய தசை உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும். சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் இறங்கியது. செத்த தசையிலிருந்து கரைந்து வரும் புரதம் அது, சிறுநீரகத்தை அடைத்துவிடும். சேலைனை ஓடவிட்டு அதைக் கழுவ வேண்டியிருந்தது. இரத்த ஓட்டம் நிற்காமலிருக்க முன்கையை நீளமாகக் கீறித் திறந்தார்கள். கை தப்பியது, இரண்டு விரல் மடங்கவில்லை.

தோட்டப் பக்கம் மரக்கறிப் பாத்திக்குப் பன்றி வராமலிருக்க வீட்டு லைனிலிருந்தே கம்பி இழுக்கிறார்கள். அது சட்டவிரோதம். யானை வேலி விட்டுவிட்டுத்தான் துடிப்பாக அடிக்கும். பட்ட மிருகம் விலக இடைவெளி உண்டு. வீட்டு லைனில் அந்த இடைவெளியே கிடையாது. இருட்டில் ஈரப் புல்லில் நடந்து வருபவருக்கும் கிடையாது.

யாருக்காவது கரண்ட் பிடித்தால் தொடாதீர்கள். மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். வீதிக் கம்பி அறுந்து கிடந்தால் தூர நின்று மின்சார சபையின் 1987க்குச் சொல்லுங்கள். மூச்சில்லையென்றால் 1990க்கு அழைத்துவிட்டு, அம்புலன்ஸ் வரும்வரை நடுநெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை பலமாக அழுத்துங்கள்.

ஆள் எழுந்து நடந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஈசிஜி எடுங்கள். அங்கே காயத்தை மட்டும் காட்டாதீர்கள். எந்தக் கம்பி, எவ்வளவு நேரம் பிடித்திருந்தது, கை நனைந்திருந்ததா, மயங்கினாரா, சிறுநீர் என்ன நிறம் என்பதையெல்லாம் சொல்லுங்கள். உள்ளே என்ன நடந்திருக்கும் என்பதை டொக்டர் அதிலிருந்துதான் கணிப்பார்.