க்ளாக் பிஸ்டலில் சேஃப்டி லிவரே இல்லை... ஏன் தெரியுமா? ஸ்ட்ரைக்கர் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது?

மயிலாப்பூரை ஒட்டிய போயஸ் கார்டனில் ஜெயலலிதா, கோபாலபுரத்தில் கருணாநிதி. இருவரையும் சுற்றி நின்ற கருப்புப் பூனைப் படையை, அதாவது என்.எஸ்.ஜி கமாண்டோக்களை, சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் படை பயன்படுத்தும் கைத்துப்பாக்கிகளில் முக்கியமானது ஆஸ்திரியாவின் க்ளாக் 17. இதில் கட்டைவிரலால் தள்ளிவிடும் சேஃப்டி லிவர் கிடையாது. அப்போ இது எப்படி பாதுகாப்பு?

ஸ்ட்ரைக்கர் என்றால் என்ன?

நம்ம ஊர் போலீஸ் கையில் பல காலமாக இருந்த இஷாப்பூர் தொழிற்சாலையின் 9 எம்.எம் பிஸ்டலில், பின்பக்கம் ஒரு சுத்தியல் தெரியும். ட்ரிக்கரை இழுத்தால் அந்தச் சுத்தியல் ஊசியை அடிக்கும், ஊசி தோட்டாவைத் தட்டும்.

ஸ்ட்ரைக்கர் பிஸ்டலில் சுத்தியலே இல்லை. ஸ்பிரிங் பொருத்திய ஊசி நேராகப் பாய்ந்து தோட்டாவைத் தட்டும். 1982ல் ஆஸ்திரிய ராணுவம் க்ளாக் 17ஐ ஏற்றது. அதில் மொத்தமே சுமார் 34 பாகங்கள்தான். பாகம் குறைவு என்றால் பழுதாகும் இடமும் குறைவு.

ட்ரிக்கர் எப்படி இருக்கும்?

சில சுத்தியல் பிஸ்டல்களில் முதல் முறை கனமாக இழுக்கணும், அடுத்த முறை லேசாகிவிடும். க்ளாக்கில் எல்லா முறையும் ஒரே மாதிரி, சுமார் 2.5 கிலோ விசை. பயிற்சி எடுப்பவருக்கு இது பெரிய வசதி.

குறி தவறுவது ஏன்?

துப்பாக்கியின் எடை தோட்டா இல்லாமல் சுமார் 630 கிராம். அதை இழுக்கும் விசையோ 2.5 கிலோ. வெடுக்கென்று இழுத்தால் முனை ஆடிவிடும். முன்குறி 1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே, 25 மீட்டர் தூரத்தில் தோட்டா சுமார் 15 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். மனு பாக்கர் பாரிஸில் பதக்கம் வென்ற 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் ட்ரிக்கர் விசை 500 கிராம் இருந்தாலே போதும். ஆனால் இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடும் துப்பாக்கிக்கு அவ்வளவு லேசான ட்ரிக்கர் ஆபத்து.

சிக்கவே சிக்காதா?

சிக்கும். பிடி தளர்வாக இருந்தாலோ, ஊசி போகும் பாதையில் எண்ணெய், அழுக்கு சேர்ந்தாலோ மக்கர் பண்ணும். தோட்டா வெடிக்காவிட்டால் ட்ரிக்கரை மறுபடி இழுத்துப் பயனில்லை, மேல் ஸ்லைடைப் பின்னால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றணும்.

பாதுகாப்பு எங்கே இருக்கிறது?

உள்ளேயே மூன்று பூட்டுகள். ட்ரிக்கரின் நடுவில் ஒரு சின்ன பிளேடு, ஊசியைத் தடுக்கும் ஒரு பூட்டு, கீழே விழுந்தால் வெடிக்காமல் காக்கும் ஒரு பூட்டு. ட்ரிக்கரை முழுசா இழுத்தால் மூன்றும் விலகிவிடும். இழுத்தது விரலா, உறையில் சிக்கிய சட்டை நுனியா என்று துப்பாக்கிக்குத் தெரியாது.

எல்லா ஸ்ட்ரைக்கர் பிஸ்டலும் ஒன்றுமில்லை. சிக் சாவர் பி320 குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்பது 2017ல் தெரியவந்தது. நிறுவனம் இலவசமாகவே ட்ரிக்கரை மாற்றித் தந்தது.

இன்னொரு ஆபத்து, மேகசினை உருவியதும் துப்பாக்கி காலி என்று நினைப்பது. குழலுக்குள் ஒரு தோட்டா மிச்சம் இருக்கலாம். சுத்தம் செய்ய க்ளாக்கைப் பிரிக்கும்போது ட்ரிக்கரை ஒருமுறை இழுத்தாக வேண்டும். குழலைப் பார்க்காமல் இழுத்தால் விபரீதம்தான். அதனால் முதலில் மேகசினை எடுக்கணும், பிறகு ஸ்லைடை இழுத்து குழலைக் கண்ணால் பார்க்கணும், விரலாலும் தொட்டுப் பார்க்கணும்.

இந்தியாவில் 9 எம்.எம் பிஸ்டல் சாதாரண மக்களுக்கு அனுமதி இல்லாத ரகம். ஆனால் இந்த விதி, லைசென்ஸ் வாங்கி வேறு ரக பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும். சுடும் முடிவு எடுக்கும் வரை விரல் ட்ரிக்கர் மேல் போகக் கூடாது. லிவர் இல்லாத துப்பாக்கியில் கடைசி சேஃப்டி அந்த விரல்தான்.