அறுபதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டெம் செல் சிகிச்சை

"அறுபத்தெட்டு வயசாச்சு சிஸ்டர், இனிமே எனக்கு எதுக்கு?" ரத்தப் புற்றுநோய் வார்டில் செவிலியரான நான் அடிக்கடி கேட்பது இது.

முன்பெல்லாம் 55 வயதைத் தாண்டியவர்களுக்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை பெரும்பாலும் கிடையாது. கடும் கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்து எலும்பு மஜ்ஜையை அடியோடு அழித்த பிறகே கொடையாளியின் செல்களை ஏற்றுவார்கள். வயதான உடம்பு தாங்காது. 1990களின் இறுதியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ரெய்னர் ஸ்டார்ப் குழு கதிர்வீச்சை வெறும் 2 கிரே அளவுக்குக் குறைத்தது. மிச்சமுள்ள புற்றுசெல்களை அழிக்கும் வேலையைக் கொடையாளியின் நோய் எதிர்ப்புச் செல்களிடமே விட்டது.

ஆனால் அதே செல்கள் நோயாளியின் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்கலாம். உள்ளங்கையில் சிவந்த தடிப்பு தெரிகிறதா என்று நான் தினமும் பார்ப்பது இதற்காகத்தான். குடல் தாக்கப்பட்டால் வயிற்றுப்போக்கு லேசில் நிற்காது. இந்தத் தாக்குதலைத் தடுக்க பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் கண்ட வழி என்னை இன்றும் வியக்க வைக்கிறது: செல்களை ஏற்றிய மூன்றாம், நான்காம் நாட்களில் சைக்ளோபாஸ்பமைடு என்ற பழைய மருந்து. வேகமாகப் பெருகும் தாக்குதல் செல்கள் மடிகின்றன. ஸ்டெம் செல்கள் பிழைக்கின்றன. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நோய் திரும்பாமலும் கடும் தாக்குதல் இல்லாமலும் ஓராண்டைக் கடந்தவர்கள் வழக்கமான முறையில் சுமார் 35 சதவீதம், இம்முறையில் 53. ஆய்வில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள்.

இதயம், சிறுநீரகம், நடக்கும் தெம்பு எல்லாவற்றையும் சோதித்தே இந்தச் சிகிச்சை தரலாமா என்று மருத்துவர்கள் முடிவெடுப்பார்கள். அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று நீங்களே முடிவு கட்டாமல், மாற்று சிகிச்சை நிபுணரிடம் ஒருமுறை காட்டுங்கள்.