'வயதுக்கு வந்தவள்' வேறு, 'வயது வந்தவர்' வேறு



நம் பேச்சில் அடிக்கடி வரும் இரண்டு சொற்களைப் பற்றி இன்று சிந்திப்போம். பெண் பிள்ளை பூப்பெய்தினால் 'வயதுக்கு வந்துவிட்டாள்' என்கிறோம். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கத் தகுதி பெற்றவரை 'வயது வந்தவர்' என்கிறோம். முதலாவது உடலின் வளர்ச்சியைச் சொல்வது. இரண்டாவது, தானே முடிவெடுத்து அதற்குப் பொறுப்பேற்கச் சட்டம் தரும் தகுதி. முன்னது 12 வயதில் நேரலாம். பின்னதற்கு 18 வயது நிறைய வேண்டும். இரண்டையும் ஒன்றாக எண்ணும்போதுதான், "வயதுக்கு வந்தவளை வீட்டில் வைத்திருக்கலாமா?" என்ற பேச்சு எழுகிறது, ஒரு சிறுமியின் படிப்பு நிற்கிறது.

யோவான் நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். பார்வை பெற்ற மகனைப் பற்றி யூதத் தலைவர்கள் விசாரித்தபோது, அவனது பெற்றோர் அச்சத்தால் பின்வாங்கி, அவன் வயதுவந்தவன், அவனிடமே கேளுங்கள் என்றார்கள். அஞ்சிச் சொன்னாலும் அச்சொல்லின் பொருளைச் சரியாகவே சொன்னார்கள். வயது வந்தவர் என்றால், தனக்காகத் தானே பதில் சொல்லக்கூடியவர்.

திருமணத்தை உருவாக்குவது மணமக்களின் சம்மதமே என்கிறது திருஅவைச் சட்டம் 1057. அச்சம்மதத்தை வேறு எவரும் அவர்களுக்காகத் தர முடியாது. பீடத்தின் முன் அந்தப் பெண்தான் 'சம்மதம்' சொல்ல வேண்டும். தந்தையோ தாய்மாமனோ அல்ல.

"திருஅவைச் சட்டத்தில் பெண்ணுக்கு 14 வயது போதுமாமே?" என்று சிலர் கேட்பதுண்டு. உலகம் முழுவதற்குமான குறைந்தபட்ச எல்லையாக 1083-ஆம் சட்டம் அப்படிக் கூறுவது உண்மை. ஆனால் நாட்டுச் சட்டம் ஏற்காத திருமணத்தை, அவசரத் தேவை இருந்தாலன்றி, ஆயரின் அனுமதியில்லாமல் பங்குத்தந்தை நடத்தி வைக்கக்கூடாது என்று 1071-ஆம் சட்டம் தடுக்கிறது. நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைய வேண்டும். ஆகவே ஓலை வாசிக்கக் கேட்டு வரும்போது பிறப்புச் சான்றிதழைக் கேட்பது வெறும் சம்பிரதாயம் அல்ல.

அன்பானவர்களே, உங்கள் தெருவில் ஒரு சிறுமிக்குத் திருமணப் பேச்சு நடந்தால் ஒதுங்கிப் போகாதீர்கள். பெற்றோரிடம் பேசுங்கள், பங்கு இல்லத்திற்கு வாருங்கள், 1098 என்ற எண்ணில் குழந்தைகள் உதவி மையத்தை அழையுங்கள். தனக்காகப் பேசும் வயது வரும்வரை, அவளுக்காகப் பேச வேண்டியவர்கள் நாமே. அதற்கான துணிவை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.