குவாய் நதியாக நடித்த எங்கள் களனி கங்கை

1957 மார்ச் 10. கேகாலை மாவட்டம், கித்துல்கல. களனி கங்கைக்குக் குறுக்கே 400 அடிக்கு மேல் நீளமான மரப்பாலம் ஒன்று நிற்கிறது. அதன் கால்களில் வெடிமருந்து கட்டியாகிவிட்டது. பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க பரிவாரத்தோடு வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார். டைரக்டர் டேவிட் லீன் தயார், கமெராக்கள் தயார். பழைய நீராவி எஞ்சின் ஒன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு பாலத்தை நோக்கி வருகிறது. எஞ்சின் நடுப்பாலத்துக்கு வந்ததும் வெடிக்க வேண்டும்.

வெடிக்கவில்லை!

ஒவ்வொரு கமெராக்காரரும் கமெராவை ஓடவிட்டு, பதுங்கிடத்துக்குள் போய், ‘நான் பத்திரம்’ என்று சமிக்ஞை கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒருவரிடமிருந்து மட்டும் சமிக்ஞை வரவில்லை. அவர் இன்னும் வெளியே நிற்கிறாரோ என்று லீன் வெடியை நிறுத்திவிட்டார். ஆனால் ரயிலை யார் நிறுத்துவது? அது பாட்டுக்குப் பாலத்தைத் தாண்டிப் போய், அக்கரையில் இருந்த ஜெனரேட்டரில் மோதி விழுந்தது. அத்தனை பெரிய படம், அத்தனை காசு, நாட்டின் பிரதமரே சாட்சி, டேக் மட்டும் இல்லை. இராத்திரியோடு இராத்திரியாக ரயிலைத் தூக்கி நிறுத்திச் சரிசெய்து, அடுத்த நாள் காலையில் மறுபடி ஓட்டினார்கள். இந்த முறை பாலம் வெடித்தது, எஞ்சின் ஆற்றுக்குள் விழுந்தது. ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தின் கடைசியில் நாம் வாய்பிளந்து பார்ப்பது அதைத்தான்.

இந்தக் கதையை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. எட்டியாந்தோட்டைப் பக்கத்து றப்பர் தோட்டத்தில் பிறந்த சினிமாப் பைத்தியம் நான். ஏழு ஒஸ்கார் வாங்கிய படத்தின் ஆறு, நாங்கள் ஹட்டன் பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே தெரிகிற ஆறு! மெயின் ரோட்டிலிருந்து இறங்கிப் படிகளில் கீழே போனால் ஆற்றங்கரை. பாலம் இல்லை. ஆனால் அதைத் தாங்கிய கொங்கிரீட் அடித்தளம் இன்னும் பாறையோடு பாறையாக இருக்கிறது. பாசி படிந்து வழுக்கும், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். அதன் மேல் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, லீன் எந்தப் பக்கம் கமெரா வைத்திருப்பார் என்று சண்டை போடுவதுதான் போனில் படம் எடுக்கிற எங்கள் செட்டின் பெரிய பொழுதுபோக்கு. கீழே ரப்பர் படகில் வெள்ளைக்காரர்கள் கூச்சல் போட்டுக்கொண்டு போவார்கள்.

இன்னும் கேளுங்கள். படத்தில் வருகிற பர்மா, சயாம் காடெல்லாம் இலங்கைதான். கைதிகளின் முகாமைக் கொழும்புக்குப் பக்கத்தில் மஹரவில் ஒரு கல்லுடைக்கும் குவாரியில் போட்டார்கள். நடிகர் வில்லியம் ஹோல்டன் கடற்கரையில் சுகமாகப் படுத்திருக்கிற ஆஸ்பத்திரி, கல்கிசையில் இருக்கிற மவுண்ட் லவினியா ஹோட்டல். பிரிட்டிஷ் படையின் தலைமையகமாக வருவது பேராதனைப் பூங்கா. போர்க்காலத்தில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையகம் உண்மையிலேயே அங்கேதான் இருந்தது. ஆக, அந்தப் பூங்கா நடிக்கவே இல்லை, தன் வேலையையே மறுபடி பார்த்திருக்கிறது. பாலத்துக்கான மரங்களை இழுத்துக் கொடுத்தது நம்ம ஊர் யானைகள்.

இனி என் அபிப்பிராயம். இந்தப் படம் 161 நிமிஷம் ஓடுகிறது, அதில் ஆஸ்பத்திரிக் காதல் பகுதியை நான் தயங்காமல் வெட்டுவேன். மற்ற எதிலும் கை வைக்க மாட்டேன். இன்றைய படங்களில் பத்து நிமிஷத்துக்கு ஒரு கட்டிடம் இடிந்து விழுகிறது, ஒன்றுகூட மனதில் நிற்பதில்லை. இங்கே இரண்டரை மணி நேரம் ஒரு பாலத்தை முளை முளையாக அடித்து வளர்க்கிறார்கள். ஜப்பானியரிடம் கைதியாக இருந்துகொண்டு அதைக் கட்டிய கர்னல் நிக்கல்சனுக்கு அது எதிரியின் பாலம் என்பதே மறந்துபோகிறது. பார்க்கிற நமக்கும் மறந்துபோகிறது! அதனால்தான் கடைசியில் அது விழும்போது சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் திண்டாடுகிறோம்.

அந்த நிக்கல்சனாக வந்தவர் அலெக் கின்னஸ். தகரக் கூண்டுத் தண்டனையிலிருந்து வெளியே வந்து, தடுமாறித் தடுமாறி, ஆனால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்து போவாரே, அந்த நடையை எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? அவருடைய மகன் இளம்பிள்ளை வாதத்திலிருந்து தேறி, திரும்ப நடக்கப் பழகியபோது நடந்த நடை அது. பெற்ற பிள்ளையின் நடையைக் கவனித்து வைத்திருந்து கமெராவுக்குக் கொடுத்திருக்கிறார். இது தெரிந்த பிறகு அந்தக் காட்சியை என்னால் சும்மா பார்க்க முடிவதில்லை.

சீட்டியடித்துக்கொண்டு கைதிகள் அணிவகுத்து வரும் காட்சிக்கும் ஒரு பின்கதை உண்டு. அந்த மெட்டு 1914இல் வந்த பழைய இராணுவ அணிநடை இசை. சிப்பாய்கள் அதற்குப் போட்டு வைத்திருந்த வரிகள் எந்தத் தணிக்கைக் குழுவையும் தாண்டாது. பாட்டு வேண்டாம், சீட்டி போதும் என்றார்கள். உலகமே அந்தச் சீட்டியைப் பிடித்துக்கொண்டது.

திரைக்கதைக்கான ஒஸ்கார், மூல நாவலை எழுதிய பியர் பூலுக்குப் போனது. அவருக்கு ஆங்கிலத்தில் எழுத வராது. உண்மையில் எழுதிய கார்ல் ஃபோர்மன், மைக்கல் வில்சன் இருவரும் கம்யூனிஸ்டுகள் என்று ஹொலிவூட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்ததால் பெயர் போடவில்லை. 1984இல்தான் விருதில் அவர்கள் பெயரும் சேர்ந்தது. அதைக் கையில் வாங்க இருவருமே உயிரோடு இல்லை. இன்னொன்று, பூலின் நாவலில் பாலம் விழவே விழாது. அதை விழவைத்தது சினிமா. அதற்கு என் முழு ஆதரவு!

ஆனால் எங்களுக்கு இந்தப் படத்தோடு தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. உண்மையான சயாம்–பர்மா ரயில்பாதை 415 கிலோமீட்டர், 1942–43இல் ஜப்பானியர் போட்டது. அதில் வேலை செய்த நேசநாட்டுக் கைதிகள் 60,000க்கு மேல். படம் அவர்களைப் பற்றியது. ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 2 இலட்சம் பேர், அவர்களில் 90,000 பேர் வரை செத்திருப்பார்கள் என்பது பரவலான கணக்கு. பெருந்தொகையானவர்கள் மலாயா றப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். மலேசியாவில் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்று நாவலே எழுதியிருக்கிறார். படத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. றப்பர் தோட்டத்துத் தமிழர்கள் செத்த கதையை, றப்பர் தோட்டத்துத் தமிழர்கள் வாழ்கிற ஊரில் வைத்து, றப்பர் தோட்டத்துத் தமிழர்கள் இல்லாமலே எடுத்திருக்கிறார்கள். அந்தக் கொங்கிரீட் மேல் உட்காரும்போது இது எங்களை உறுத்தாமல் இருந்ததில்லை.

சரி, அந்தப் படப்பிடிப்பால் இங்கே யாருக்கு என்ன கிடைத்தது? காமினி பொன்சேகா கிடைத்தார்! பின்னாளில் சிங்கள சினிமாவின் பெரிய நட்சத்திரமான அவர், அந்தப் படத்தில் உதவியாளராக ஓடியாடி வேலை செய்தவர். ‘சருங்கலே’ படத்தில் நடராஜா என்ற தமிழராக நடித்தாரே, அவர்தான். பிறகு வடகிழக்கு மாகாண ஆளுநராகவும் இருந்தார். லீன் இங்கே வந்து இறங்கிய அதே 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’வை ஸ்டூடியோவை விட்டு வெளியே கிராமத்துக்குக் கொண்டுபோய் எடுத்து முடித்திருந்தார். அடுத்த வருஷம் அது கான் விழாவுக்குப் போனது. அந்த லெஸ்டர் லண்டனில் இருந்த காலத்தில் அமெச்சூர் குறும்படம் எடுத்துப் பழகியவர் என்பது எங்களுக்கு வெல்லம் மாதிரியான செய்தி.

தமிழிலும் அப்படித்தான் ஆரம்பம். இலங்கையின் முதல் தமிழ்ப் படம் ‘சமுதாயம்’, 1962இல், 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்தது. வீட்டு விசேஷம் எடுக்கிறவர்கள் பாவித்த அளவு அது! அடுத்த வருஷமே கிருஷ்ணகுமாரின் ‘தோட்டக்காரி’ வந்தது. 1975இல் தொழிற்சங்கவாதி வீ.பி. கணேசன் ‘புதிய காற்று’ தயாரித்து, மலையக வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டுவந்தார். தொழிற்சங்கம் நடத்திக்கொண்டே படமும் எடுத்த மனிதரை நினைத்தால், போனில் சார்ஜ் இல்லை என்று படப்பிடிப்பை ஒத்திவைக்க மனம் வருமா?

எங்கள் செட்டில் டைரக்டர் என் சித்தப்பா மகன். இரண்டு போன், ஒரு முக்காலி, ரெஜிபோமில் செய்த ரிஃப்ளெக்டர், அவ்வளவுதான் சொத்து. றப்பர் மரத்தில் பால் வெட்டுகிற காட்சியை விடியுமுன்னே எடுக்கப் போனோம். லைட் இல்லை. வெட்டுகிற அக்காவின் நெற்றியில் கட்டியிருந்த டோர்ச்தான் லைட். அவர் குனிந்து பட்டையில் கத்தியை இழுக்க, வெளிச்சமும் கூடவே இறங்கி, வெள்ளைக் கோடாகப் பால் கசிந்து சிரட்டைக்குள் சொட்டுவது மட்டும் தெரிந்தது. சுற்றிலும் கும்மிருட்டு. “அண்ணே, வாயத் தொறக்காத, சத்தம் விழுந்துரும்” என்று தம்பி என் காதைக் கடித்தான். அப்படி ஒரு ஷொட்டை எந்தக் கம்பெனி லைட்டாலும் செய்ய முடியாது என்று சத்தியம் பண்ணுவேன். அந்த அக்கா முடித்துவிட்டு, “இன்னொருக்கா வேணும்னா அடுத்த மரத்துக்கு வாங்க, வெட்டின மரத்த திரும்ப வெட்ட ஏலாது” என்றார். லீனுக்காவது ரயிலை மறுபடி தூக்கி நிறுத்த ஆள் இருந்தது!

இப்போது எடுக்கப்போகிற கதை இரண்டு சகோதரர்களைப் பற்றியது. தமிழ்நாட்டில் ஒரே ஊரில் பிறந்தவர்கள். ஒருவன் கண்டிச் சீமைக்கு வந்து இங்கே பால் வெட்டுகிறான். மற்றவன் மலாயாவுக்குப் போய் அங்கே பால் வெட்டி, சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்படுகிறான். இரண்டு பேருக்கும் ஒரே நடிகர். மலாயாத் தோட்டம் எங்கள் தோட்டம்தான், சயாம் காடு கித்துல்கல, குவாய் நதி வழக்கம்போல களனி கங்கை. ஆற்றுச் சத்தத்தில் வசனம் ஒன்றும் கேட்காது என்பதால் ஆற்றங்கரைக் காட்சி முழுவதையும் வசனமே இல்லாமல் எழுதிவிட்டோம், எழுதிய பிறகு அதுதான் சரி என்று பட்டது. தம்பி நேற்றிலிருந்து நடிகரை லயத்து வாசலில் கின்னஸ் மாதிரி நடக்கவிட்டுப் பழக்குகிறான். மாசி மாதம் மழை குறைந்ததும் ஆரம்பம். கங்காணி வேஷத்துக்கு மட்டும் ஆள் அமையவில்லை. எட்டியாந்தோட்டை, தெரணியகல பக்கம் நல்ல மீசையோடு யாராவது இருந்தால் சொல்லியனுப்புங்கள், சாப்பாடும் பஸ் காசும் எங்கள் பொறுப்பு.