பல்லுக்கு உறை: தள்ளிப் போட்டால் நட்டம்

கொண்டைக்கடலை, பட்டாணி என்றால் ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்துத்தான் நாம் காய்ச்சல் பார்ப்போம். என் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்த டாக்டர், மேலே உறை போடச் சொன்னார். வலிதான் போய்விட்டதே, சீசன் முடியட்டும் என்று தள்ளிப் போட்டேன். ஒரு நாள் கடலை கடித்ததில் பல் வேர் வரை பிளந்தது, பிடுங்க வேண்டியதாயிற்று.

சொத்தையும் சிகிச்சையும் பல்லைக் குடைந்து விடுவதால் மிஞ்சிய சுவர் மெலிந்து விடுகிறது. 'கேப்' எனப்படும் உறை, வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டைபோல் அதைச் சுற்றிப் பிடித்துக் காக்கிறது. பல்லைச் சுற்றிலும் சுமார் 1 முதல் 2 மி.மீ. செதுக்கி, அளவெடுத்து, தற்காலிக உறை மாட்டுவார்கள். நிலையான உறை வரச் சில நாட்களாகும். அதுவரை அந்தப் பக்கம் கடினமானதைக் கடிக்கலாகாது.

உலோகம், உலோகத்தின் மேல் பீங்கான், ஜிர்கோனியா என வகைகள் உண்டு. உள்ளே மறைந்திருக்கும் கடைவாய்ப் பல்லுக்கு உலோகமே போதும். வலுவானது, செலவும் குறைவு. வெளியே தெரியும் பல்லுக்குத்தான் நிறம் முக்கியம். உறை போட்ட பின்னும் ஈறு ஓரத்தில் சொத்தை விழலாம். தினமும் நன்றாகத் துலக்குங்கள். கடிக்கும்போது உயரமாகத் தட்டினால் உடனே டாக்டரிடம் சொல்லிச் சரிசெய்து கொள்ளுங்கள்.

காய்ச்சல் பார்க்க ஈரப்பத மீட்டர் இருக்கிறது. பிடுங்கிய பல் மறுபடி முளைக்காது.